பத்தொன்பதாம் பக்கம், மூன்றாம் கட்டம்

பேசாத வாய்களுக்கு மேல் வெள்ளைக் குமிழிகள்.
அவற்றை நிரப்புவது என் வேலை.
அட்டன், ஜவுபர் அச்சகம், மாடி அறை.
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.
தேத்தண்ணி என் செலவு.

இந்த மாதம் மேஜர் கந்தகன்.
பெயர் நான் வைத்தது;
மூலத்தில் வாயில் நுழையாத ஏதோ.
எப்போதோ சாணிப் பேப்பரில் வந்த துப்பாக்கிக் கதைகள்
இப்போது சித்திரமாகி
வழவழ அட்டையோடு வந்து இறங்கியிருக்கின்றன.

நாவலை நான் வாசித்திருக்கிறேன்.
கண்டியில், பழைய புத்தகக் கடையில்,
கடைசி அத்தியாயம் இல்லாமல் மலிவாகக் கிடைத்தது.
அதில் மேஜருக்கு நாற்பத்தாறு வயது.
மழை நாளில் இடது முழங்கால் வலிக்கும்.
ஓவியன் முழங்காலைக் குணப்படுத்திவிட்டான்.
தாடையைச் சதுரமாக்கி,
தொந்தியை எடுத்து மார்பில் வைத்துவிட்டான்.
போகட்டும்.

"நாற்பது கூலிகளோடு மேஜர் மலையேறினார்."
நாவலில் இது ஒரே ஒரு வரி.
நாற்பது பேரும் அந்த வரியில் ஏறி
முற்றுப்புள்ளியில் காணாமல் போனார்கள்.

சித்திரக்காரன் அப்படித் தப்ப முடியாது.
நாற்பது என்று எழுதியிருந்தால்
நாற்பது முதுகு வரைய வேண்டும்,
நாற்பது பெட்டி,
எண்பது கால், எண்பதும் செருப்பில்லாமல்.
பதினொன்றோடு அவனுக்குக் கை ஓய்ந்திருக்கிறது.
மிச்சப் பேரை
மூடுபனி போட்டு மறைத்துவிட்டான்.
பனிக்குள் ஆட்களைத் தொலைப்பது
இந்த மலைக்குப் புதிதா என்ன.

பத்தொன்பதாம் பக்கம், மூன்றாம் கட்டம்.
மேஜர் முன்னால் நின்று பேசுகிறார்,
அவர் பேச்சே கட்டத்தில் பாதி.
வரிசையின் கடைசி ஆள்,
பெட்டிக் கயிறு நெற்றியில் அழுந்த,
திரும்பி என்னைப் பார்க்கிறான்.
அக்காவுக்கும் அதே இடத்தில்தான் தழும்பு;
பொட்டு அதற்குக் கீழே வைப்பாள்.

வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
குமிழி இல்லை.

"அஞ்சாதீர்கள் நண்பர்களே!
சிகரத்துக்கு அப்பால் நம் விதி காத்திருக்கிறது!"
என்ற மேஜரை
"வாங்க, வாங்க" என்று சுருக்கினேன்.
மிஞ்சிய வெள்ளையில்
சுண்டுவிரல் நகத்தளவு ஒரு குமிழி போட்டு
வாலை அவன் வாய்வரை இழுத்தேன்.

பிறகு பேனா நின்றுவிட்டது.
"மேஜர், புலி!" என்று கத்த வைக்கலாம்.
அதற்குத்தானே இவர்களை வைத்திருப்பது.
"ஐயோ" எழுதலாம்.
"ஐயோ" ஏற்கெனவே புத்தகத்தில் பதினாறு இருக்கிறது.

பதுளை ரயில் வந்து, நின்று, போனது.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.
எழுதினேன்:

"இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

ஜவுபர் நானா பார்த்துவிட்டுச் சிரித்தார்.
அவர் மாமனார் தோட்டத்துக் கடைக்காரர்,
நிறுவை குறைந்த நாளில்
அரைப்பேர் விழுந்தவர்களுக்குக் கடன் கொடுத்தவர்.
விளக்கம் தேவைப்படவில்லை.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் கனகேந்திரன்
போனில் கூப்பிட்டார்.
"பேர் எண்டா பெயர்தானே?
அவனுக்குப் பெயரே இல்லையே, தங்கச்சி."

"அதைத்தான் ஐயா கேட்கிறான்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"சரி, கிடக்கட்டும்," என்றார்.
"ஆருக்குத் தெரியப் போகுது."

இருபத்துமூன்றாம் பக்கத்தில் தொங்குபாலம் அறுகிறது.
நாவலில் மேஜர் பாய்ந்து கயிற்றைப் பிடிப்பார்,
இதிலும் பிடிக்கிறார், இரண்டு முழங்காலும் நன்றாக.
அடுத்த பக்கத்தில் வரிசை மறுபடி நடக்கிறது.
எண்ணினேன்.
பத்து முதுகு.

ஓவியன் மறந்திருப்பான்.
களைத்திருப்பான்.
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை,
பேசுவதற்குக் குமிழியும் விட்டிருக்கவில்லை.
பாலத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க
ஒரே ஒரு சொல் கேட்டிருந்தார்கள்,
கொட்டை எழுத்தில், சாய்வாக.

தடால்.

எழுதிக் கொடுத்தேன்.
எண்பது ரூபாய்.